செத்தால் அண்ணையின் நாலு சுற்று

ரொறன்ரோத் தமிழர்களில் பாதிப் பேரை ஒருமுறையாவது சாகடித்துப் பார்த்தவர் செத்தால் அண்ணை. மற்றப் பாதிப் பேர் தப்பியதற்குக் காரணம், அவருடைய கார் வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் விளக்கை அணைத்துவிட்டு நிலவறைக்குள் இறங்கிவிட்டதுதான்.

அவர் ஆயுள் காப்புறுதி முகவர். பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருடைய விசிட்டிங் கார்டில் இருக்கிறது. அதை யாரும் வாசித்ததில்லை. வாங்கிய கையோடு எல்லோரும் அதைப் பொக்கற்றுக்குள் புதைத்துவிடுவார்கள். அவர் எந்தப் பேச்சை எடுத்தாலும் இரண்டாவது நிமிடத்தில் 'செத்தால்' என்ற சொல் வந்துவிடும். அந்தச் சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது.

நாங்கள் ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் பிக்கரிங்கில் வீடு வாங்கிக் குடிபோன அன்றே அவர் வந்தார். லொறியில் இருந்து சோபா இன்னும் இறங்கவில்லை. நானும் என் மனைவி மலரும் அதன் இரண்டு நுனிகளையும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம். அடுத்த வீட்டுப் படியில் இருந்து கோட், டையோடு ஒருவர் இறங்கி வந்தார்.

"வீடு நல்ல வீடு," என்றார். "கிழக்குப் பார்த்த வாசல். இருவத்தைஞ்சு வருச மோட்கேஜ் எடுத்திருப்பியள். நாளைக்கு செத்தால்?"

மலர் தன் பக்கத்துச் சோபாவை விட்டுவிட்டாள். அது என் காலில் விழுந்தது. "பாத்தீரோ?" என்றார் அண்ணை. "இப்பிடித்தான். சாவு ஒருதருக்கும் சொல்லிப்போட்டு வாறேல்லை."

கலியாண வீடுகளில் அவரை மணவறைக்குப் பத்தடி தள்ளி இருத்துவதற்கென்றே ஓர் ஆளை நியமிப்பார்கள். ஒருமுறை அந்தக் காவல் தவறிவிட்டது. தாலி கட்டி ஐந்து நிமிடம் ஆகவில்லை, மாப்பிள்ளையின் காதுக்குள் குனிந்து, "தம்பி, இண்டையில இருந்து உமக்குப் பின்னால ஒரு சீவன் இருக்கு. செத்தால்?" என்றார். மாப்பிள்ளை அப்போது அழுததை வீடியோக்காரர் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து மெதுவாக ஓடவிட்டுப் பாட்டும் போட்டிருந்தார்.

மற்றவர்களுக்கு உபதேசம் செய்துவிட்டுத் தான் பேசாமல் இருக்கிற ஆளும் அல்ல. மீன் சாப்பிடமாட்டார், முள் இருக்கிறது. பலூன் ஊதமாட்டார், இருதயம் இருக்கிறது. பனிக்காலத்தில் குப்பை வாளியை வீதிக்கு இழுத்துப்போவதற்கே சப்பாத்துக்கு அடியில் இரும்புப் பல் கட்டிக்கொண்டுதான் இறங்குவார். அவருடைய மனைவி பூமணி அக்கா ஒருநாள் மலரிடம் சொன்னாளாம்: "பிள்ளை, இந்த மனுசனோட முப்பது வருசம் இருந்திட்டன். ஒரு நாள்கூட நான் உயிரோட இருக்கிற மாதிரிக் கதைச்சதில்லை."

இப்படிப்பட்டவர்தான் ஒரு மாசி மாதச் சனிக்கிழமை என் கதவைத் தட்டி, "ஐசே, நான் ஒரு ஸ்னோமொபில் வாங்கிப்போட்டன்," என்றார்.

முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் சுழலும் றப்பர்ப் பட்டி, நடுவில் மோட்டார்சைக்கிள் போல ஒரு இருக்கை. பனிக்கு மேலே பறக்கிற அந்த வண்டியைத்தான் சொல்கிறார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அண்ணை வாழ்நாளில் பகிடி விட்டதில்லை.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் அவர் சாகடிக்க ஆள் தட்டுப்பாடு வந்துவிட்டது. புதிதாக யாரைப் பிடிக்கலாம் என்று யோசித்திருக்கிறார். வடக்கே மூன்று மணித்தியாலம் ஓடினால் ஒரு சின்ன ஊர் இருக்கிறது. அங்கே பனிக்காலம் முழுக்க ஸ்னோமொபில் ஓட்டுகிறார்கள், றேசும் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். "உப்பிடி ஓடுற ஆக்களுக்குத்தானே ஐசே சாவுப் பயம் கனக்க இருக்கும்?" என்று கணக்குப் போட்டுக்கொண்டு, கோட், டை, ஐம்பது விண்ணப்பப் படிவங்களோடு போய் இறங்கியிருக்கிறார்.

அங்கே ஸ்னோமொபில் திருத்தும் கொட்டகை ஒன்றை மார்லீன் என்ற வெள்ளைக்காரப் பெண் வைத்திருந்தாள். வயது எழுபது இருக்கும். கையில் கிறீஸ், வாயில் சிரிப்பு. அண்ணை தன் சொல்லைச் சொல்லி முடித்ததும், "நீ சொல்வதை ஒரு மணித்தியாலம் இருந்து கேட்கிறேன். அதற்கு முதல் என் வண்டியில் பின்னால் ஏறி ஒரு சுற்று வா," என்றாளாம்.

"ஏறினன். கண்ணை மூடிக்கொண்டு அவளின்ர ஜக்கெற்றைப் பிடிச்சுக்கொண்டு இருந்தன். பாதி வழியில கண்ணைத் திறந்தன் ஐசே." அண்ணையின் குரல் இறங்கியது. "ரண்டு பக்கமும் மரம். வெள்ளை. ஒரு மான் நிண்டு எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டது. திரும்பி வந்து இறங்கினாப் பிறகுதான் எனக்கு விளங்கினது, அரை மணித்தியாலமா நான் சாவைப் பற்றி நினைக்கவேயில்லை."

"பொலிசி ஏதும் வித்துப் போச்சுதோ அண்ணை?"

"ஒண்டும் போகேல்லை. நான்தான் அவளிட்டை ஒரு பழைய மெசினை வாங்கிப்போட்டு வந்தனான்."

வண்டியை மார்லீனின் கொட்டகையிலேயே விட்டிருந்தார். பிறகு வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் விடிய முன்னரே கார் வடக்கே போய்விடும். பூமணி அக்காவுக்கு 'கிளையன்ற்' என்று சொல்லியிருந்தார். ஆனால் மூக்கு நுனி வெயிலில் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்து, கரடி மாதிரி வந்து நிற்கிற மனிதனை எந்தப் பெண்தான் நம்புவாள்? இரண்டாம் கிழமையே கண்டுபிடித்துவிட்டாள்.

பங்குனி நடுவில் ஒரு பின்னேரம் அவள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். "தம்பி, ஒருக்கா ஓடி வாரும். இந்த மனுசன் தன்னோட தானே கதைச்சுக்கொண்டு இருக்கு."

ஓடினேன். குசினியில் சாப்பாட்டு மேசையடியில் அண்ணை கோட், டையோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் அவருடைய சொந்தக் காப்புறுதிப் படிவம். எதிர்க் கதிரை காலி. அந்தக் காலிக் கதிரையைப் பார்த்து, "நீங்கள் மோட்டார் வாகனப் போட்டிகளில் பங்குபற்றுகிறீர்களா?" என்று வாசித்தார். பிறகு எழும்பினார், டையைக் கழற்றினார், மேசையைச் சுற்றிப் போய் எதிர்க் கதிரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, "ஓம்," என்றார். திரும்பவும் எழும்பி, டையைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்.

"ஓம் எண்டு எழுதினால் பொலிசியில ஒரு விலக்கு விழும், தெரியுமோ?"

அந்தப் பக்கம் போய், "தெரியும்."

இந்தப் பக்கம் வந்து, "றேஸ் ஓடேக்க செத்தால்?"

அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தவர் டையை விரலில் சுற்றத் தொடங்கினார். அண்ணையிடம் ஒருவர் அகப்பட்டு முழிப்பதை வாழ்க்கையில் முதல்தடவையாக நான் அனுதாபத்தோடு பார்த்தேன். அது அண்ணையேதான் என்பது வேறு விஷயம்.

சங்கதி என்னவென்றால், பருவத்தின் கடைசி ஞாயிறு அந்த ஊரில் பழைய வண்டிகளுக்கான றேஸ். ஐந்து பேர், நாலு சுற்று. அண்ணை பெயர் கொடுத்துவிட்டார். காட்டுப் பாதையில் உல்லாசமாக ஓடினால் காப்புறுதி உண்டு, றேசுக்கு இல்லை. பேசாமல் 'இல்லை' என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரிய வந்திராது. "இருவத்தைஞ்சு வருசமா ஊராக்களிட்டை உண்மை எழுதுங்கோ எண்டு சொன்னனான். என்ர படிவத்தில நான் பொய் எழுதேலுமோ?" என்று கேட்டுவிட்டு 'ஓம்' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

பூமணி அக்கா என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். "தம்பி, நான் சொன்னால் கேக்கமாட்டார். நீர் கூடப் போம். போய் அந்த றேசில ஏறவிடாமல் செய்யும். உம்மைத்தான் நம்பியிருக்கிறன்." அவள் கண் கலங்கியிருந்தது. நான் பெரிய வீரன் மாதிரித் தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை என் காரில் கிளம்பினோம். அண்ணை முழு உடுப்போடு வந்து ஏறினார். தண்ணீரில் விழுந்தால் மிதக்கும் உடுப்பு. பனிக்கட்டி உடைந்து ஏரிக்குள் போனால் குத்திப் பிடித்து ஏறுவதற்கு இரண்டு ஊசிக் கட்டைகள் கழுத்தில் மாலை போலத் தொங்கின. ஒரு விசில். கண்கள் மட்டும் தெரிகிற கறுப்பு முகமூடித் தொப்பி.

வழியில் பெற்றோல் அடிக்க நிறுத்தினேன். அண்ணை தேத்தண்ணி வாங்கக் கடைக்குள் போனார், தொப்பியைக் கழற்றாமல். காசாளர் இளைஞன் நிமிர்ந்து பார்த்தான். இரண்டு கைகளையும் மேலே தூக்கினான். இந்தப் பக்கத்து வழக்கம் போலிருக்கிறது என்று அண்ணையும் இரண்டு கைகளையும் தூக்கினார். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அண்ணை சிநேகமாகக் கேட்டார்: "யூ ஹாவ் லைஃப் இன்சூரன்ஸ்?"

நான் உள்ளே ஓடிப்போய் விளங்கப்படுத்தி அந்தப் பிள்ளையின் கைகளை இறக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அங்கே போய்ச் சேர்ந்ததும் மார்லீன் எனக்கும் ஒரு வண்டி தந்தாள். "இன்றோடு பாதை மூடுகிறார்கள், பனி இளகுகிறது. அனுபவித்துவிட்டு வாருங்கள்," என்றாள். றேசை நிறுத்த வந்தவன் நான். ஆனால் மனிதன் பலவீனமானவன். ஏறிவிட்டேன்.

அந்தப் பகலை என்னால் மறக்க முடியாது. வெயில் முதுகில் சுட்டது. பனி ஈரச் சீனி மாதிரிக் கரகரத்தது. ஊசியிலை மரங்களில் இருந்து பனிக்கட்டிகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மேப்பிள் மரங்களுக்கு நடுவே சாறு எடுக்கக் கட்டிய நீலக் குழாய்கள் உடுப்புக் காயப்போடும் கயிறுபோல நெடுகப் போயின. அண்ணை முன்னால் போனார். குப்பை வாளியை இழுக்கவே பயப்படுகிற அந்த மனிதர், வளைவுகளில் உடம்பை ஒருபக்கம் சாய்த்து, பனியை வாரி என் முகத்தில் அடித்துக்கொண்டு பறந்தார். இடைக்கிடை "ஓஹோய்!" என்று ஒரு கூச்சல். இவருக்குள் இந்தச் சத்தம் எங்கே கிடந்ததென்று நான் வியந்துகொண்டே பின்னால் போய், ஒரு மரத்தடிப் பனிக் குவியலில் ஏறி நின்றேன். அவர் திரும்பி வந்து என்னை இழுத்தெடுத்தார்.

பாதை நடுவில் ஓட்டக்காரர்கள் குளிர் காய்வதற்கு ஒரு மரக் குடில் இருந்தது. உள்ளே அடுப்பு எரிந்தது. நாலைந்து தாடிக்காரர்கள் இருந்தார்கள். அண்ணையைக் கண்டதும், "ஹேய், வாட் இஃப்!" என்று எழும்பிக் கைகொடுத்தார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருடைய 'வாட் இஃப் யூ டை?' என்ற கேள்வியைக் கேட்டு அவர்களும் எங்களைப் போலவே பெயர் வைத்திருக்கிறார்கள், ஆங்கிலத்தில்.

மலர் கட்டித்தந்த மீன் அடைத்த பணிஸ் ரொட்டியை நான் சாப்பிட்டேன். அண்ணை தன்னுடைய பாணும் சம்பலும் சாப்பிட்டார். பூமணி அக்காவின் முகம் நினைவுக்கு வர, மெல்லத் தொடங்கினேன்.

"அண்ணை, இதுவே நல்லாத்தானே இருக்கு. நாளைக்கு றேஸ் என்னத்துக்கு? விலக்கும் விழுந்திட்டுது..."

அவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்தார்.

"நாங்கள் வந்த புதுசில ரொறன்ரோ பார்க்டேலில ஒரு அறையில ஆறு பேர் இருந்தனாங்கள் ஐசே. என்ர தமையனும் ஒராள். வேலையால வந்து படுத்தவர் எழும்பேல்லை. முப்பத்தெட்டு வயசு. அண்ணியும் ரண்டு பிள்ளையளும் அங்கை ஊரில. அவைக்கு ஒண்டும் இல்லை. பிரேதப் பெட்டிகூட ஊராக்கள் சேந்து வாங்கினதுதான்." கோப்பையைக் கீழே வைத்தார். "அண்டைக்குத் தொடங்கினது. ஆரைக் கண்டாலும், இந்தாள் செத்தால் பெஞ்சாதி பிள்ளையள் என்ன செய்யும் எண்டுதான் மண்டைக்குள்ள ஓடும். சனம் சிரிக்கிறது எனக்குத் தெரியாதோ? தெரியும். நிப்பாட்டத்தான் ஏலாது. இந்த நாலு சுத்து மட்டும், செத்தால் எண்டு யோசியாமல் ஒருக்கா ஓடிப் பாக்கவேணும். அவ்வளவுதான்."

றேஸ் பேச்சை விட்டுவிட்டு எழும்பி அடுப்புக்குள் ஒரு விறகு வைத்தேன்.

ஞாயிறு மதியம். ஊரின் பின்னால் ஒரு பண்ணை வயலில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிப் பாதை வகுத்திருந்தார்கள். இருநூறு பேர் வேலியோரம் நின்றார்கள். மார்லீன் சிவப்பு வண்டியில். அவள்தான் போன முறையும் வென்றவள். அண்ணை மஞ்சள் வண்டியில், இலக்கம் ஐந்து. அவரை நிறுத்தச் சொல்லி அனுப்பப்பட்ட நான் அவருடைய ஹெல்மெற் பட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

கொடி விழ இரண்டு நிமிடம் இருக்கும்போது பின்னால் ஒரு குரல்: "இஞ்சாருங்கோ! நிப்பாட்டுங்கோ!"

பூமணி அக்கா. சீலைக்கு மேலே முழங்கால்வரை குளிர்ச் சட்டை, காலில் பனிச் சப்பாத்து. அவளுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு மலர். என்னை நம்பியிருப்பதாகச் சொன்ன அக்கா, நான் புறப்பட்ட மறு நிமிடமே மலரைப் பிடித்துக் கார் ஓட ஆள் ஒழுங்கு பண்ணியிருக்கிறாள். மலர் என்னைப் பார்த்த பார்வையில், இந்தக் கெட்டித்தனம் தனக்கு முதலே தெரியும் என்றிருந்தது.

அதற்குள் கொடி விழுந்துவிட்டது.

அண்ணை வில்லில் இருந்து விட்ட மாதிரிப் போனார். முதல் சுற்றில் நாலாவது. அக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு, "கடவுளே, மெதுவா, மெதுவா," என்று முனகினாள். இரண்டாம் சுற்றில் மூன்றாவது. அக்கா முனகுவதை நிறுத்திவிட்டாள். மூன்றாம் சுற்றில் ஒரு தாடிக்காரர் வளைவில் அண்ணையை இடிக்கிற மாதிரி நெருங்கினார். அக்கா வேலியின் கீழ்க் கம்பியில் ஏறி நின்றாள்.

"விடாதேங்கோ! இஞ்சாருங்கோ, அவனை விடாதேங்கோ! விசையை அமத்துங்கோ!"

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர்களுக்கு மொழி விளங்கவில்லை, உணர்ச்சி விளங்கியது. அவர்களும் "அமத்துங்கோ! அமத்துங்கோ!" என்று கத்தத் தொடங்கினார்கள். கடைசிச் சுற்றில் அண்ணை இரண்டாவது. மார்லீனுக்கும் அவருக்கும் இடையில் ஒரு வண்டி நீளம்தான்.

கடைசி வளைவில் வெயில் பட்டுப் பனி கரைந்து சேறும் தண்ணீருமாக ஒரு இடம். மார்லீன் அதை விலத்திச் சுற்றிப் போனாள். அண்ணை நேரே போனார். வண்டி ஒருமுறை குத்தி நின்றது. அண்ணை நிற்கவில்லை. தனியாகப் பறந்து, ஒரு வைக்கோல் கட்டைத் தாண்டி, அந்தப் பக்கம் விழுந்தார்.

வேலியோரம் நின்ற இருநூறு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

நான் வேலி பாய்ந்து ஓடினேன். எனக்கு முன்னால் பூமணி அக்கா ஓடினாள். அந்தச் சீலையோடு அவள் எப்படி வேலி கடந்தாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அண்ணை வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தார். அசையவில்லை. அக்கா பனியில் முழங்காலில் விழுந்து ஹெல்மெற்றின் கண்ணாடியைத் தூக்கினாள். "இஞ்சாருங்கோ..." என்று கூப்பிட்டாள்.

அண்ணை கண்ணைத் திறந்தார்.

"நீர் எப்ப வந்தனீர்?"

அக்கா ஹெல்மெற்றிலேயே ஓங்கி ஒரு அடி போட்டாள். பிறகு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "ஓடேக்க ஒருக்காலாவது என்னை நினைச்சனீங்களோ?"

அண்ணை யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "ஓடேக்க இல்லை," என்றார். "பறக்கேக்க நினைச்சனான்."

காறை எலும்பு முறிந்திருந்தது. வேறொன்றுமில்லை. ஊர்ச் சின்ன ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கிக் கட்டி, வலிக்கு மருந்து கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றார்கள். வெளியே வந்தால் வரவேற்பறை நிறையத் தாடிக்காரர்கள். வைக்கோல் கட்டுக்கு மேலே ஒரு மனிதர் பறந்ததைக் கண்ணால் கண்ட பிறகு அவர்களுக்கு ஞானம் பிறந்துவிட்டது. எல்லோரும் கார்ட் கேட்டார்கள். இருபத்தைந்து வருடப் பேச்சால் முடியாததை ஒரு குத்துக்கரணம் செய்து முடித்தது.

அண்ணை வலக்கை கட்டுக்குள் இருக்க இடக்கையால் ஒவ்வொருவருக்கும் கார்ட் கொடுத்தார். கொடுக்கும்போதே, "றேஸ் ஓடுறனீங்கள் எண்டு கட்டாயம் எழுதவேணும். எழுதினால் விலக்கு விழும். மறைக்கக் கூடாது," என்று ஆங்கிலத்தில் எச்சரித்தார். பாதிப் பேர் கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவருக்கு அதில் ஒரு கவலையும் இல்லை. கடைசியாக மார்லீன் வந்து வென்ற கிண்ணத்தை அவருடைய மடியில் வைத்தாள். "ஒரு கிழமை நீ வைத்திரு. பிறகு நானே வந்து வாங்குகிறேன்," என்றாள். "வரும்போது படிவத்தையும் எடுத்து வை. நீ சொல்வதை ஒரு மணித்தியாலம் கேட்பதாகச் சொன்னேனே."

பின்னேர வெயிலில் வீட்டுக்குப் புறப்பட்டோம். மலர் தன் காரில் முன்னால் போய்விட்டாள். என் காரின் பின் இருக்கையில் அண்ணையும் அக்காவும். மருந்து வேகத்தில் அண்ணை அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். கிண்ணம் அக்காவின் மடியில் இருந்தது.

"அடுத்த வருசமும் ஓடுவாரோ அக்கா?" என்று மெல்லக் கேட்டேன்.

"ஓடட்டும்," என்றாள் அவள். "ஆனா அந்த வளைவில விலத்தத் தெரியவேணும். நான் நிண்டு சொல்லிக் குடுக்கிறன்."

ஒரு மணித்தியாலம் போயிருக்கும். சூரியன் நேரே கண்ணுக்குள் அடித்தது. இரண்டு நாள் அலுப்பில் எனக்கு ஒரு கொட்டாவி வந்தது. பெரிய கொட்டாவி. பின்னால் அண்ணை விழித்துக்கொண்டார்.

"ஐசே, நித்திரை வருதோ?"

"இல்லை அண்ணை. நீங்கள் படுங்கோ. நோகும்."

"நோவு கிடக்கட்டும். நான் கதைச்சுக்கொண்டு வாறன், நீர் ஓட்டும்."

அசையும்போதெல்லாம் முகம் சுளித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தார். நித்திரை அவருடைய இமையை இழுத்தது. அதை ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டுக் கதைத்தார். கொடி விழுந்த கணம் எப்படி இருந்தது, இரண்டாம் வளைவில் மார்லீன் என்ன கள்ள வேலை பார்த்தாள், இலக்கம் இரண்டு வண்டிக்காரனுக்கு நாலு பிள்ளைகள், அந்த வயலுக்கு மேலே பறந்தபோது வானம் என்ன நீலம் என்றெல்லாம் சொன்னார். அக்கா இடையிடையே திருத்தினாள். பிக்கரிங் வரும்வரை அவர் வாய் மூடவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு சீவன் இருக்கிறது என்று நினைத்து, நான் வேண்டுமென்றே வலது ஓரத்து லேனில், எல்லாரும் என்னை முந்திப்போக, மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன்.